குதிகால் நரம்பும் ஒரு அட்டை மாத்திரையும்

குதிகாலுக்குச் சற்று மேலே, பின்பக்கமாகக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துப் பிடித்துப் பாருங்கள். தாம்புக்கயிறு மாதிரி ஒன்று கையில் அகப்படும். கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு கட்டிவைத்திருக்கும் நாண் அது. உடம்பில் இருக்கும் நாண்களிலேயே தடிமனானது. மருத்துவப் புத்தகத்தில் அதற்கு அக்கிலிஸ் என்று ஒரு கிரேக்க வீரனின் பெயர். எங்கள் பக்கம் தனிப்பெயர் கிடையாது. குதிகால் நரம்பு என்போம். ரத்தம் ஓடுகிற குழாயும் எங்களுக்கு நரம்புதான், வலியை மூளைக்குச் சொல்வதும் நரம்புதான், சதையை எலும்போடு கட்டுவதும் நரம்புதான். இந்தச் சொல் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். ஐந்து மாதம் நொண்டியதில் எனக்கு அந்தச் சொல்லின் மேலேயே கொஞ்சம் கோபம் உண்டு.

மதுரைக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். 1996-ல் வேறொருவர் கடையில் பையனாகச் சேர்ந்தேன். அப்புறம் டி.ஃபார்ம் படித்து, கடன் வாங்கி, சொந்தமாகக் கடை போட்டேன். 2018 டிசம்பரில் எனக்கு நெஞ்சுச் சளி. மார்கழிப் பனிக்குப் பழைய வீசிங்கும் சேர்ந்துகொண்டது. ராத்திரி படுத்தால் நெஞ்சுக்குள் பூனை கத்தியது. எனக்குத் தெரிந்த டாக்டரிடம் போனேன். லெவோஃப்ளாக்ஸசின் 500 என்ற ஆன்டிபயாடிக், தினம் ஒன்று, ஏழு நாள். வீசிங்குக்கு ஸ்டீராய்டு மாத்திரை ஐந்து நாள். சீட்டைப் பார்த்ததும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. இதே ஜோடியை எத்தனையோ பேருக்கு நானே கட்டிக் கொடுத்திருக்கிறேன். என் கடை அலமாரியிலிருந்தே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை கடை ஷட்டரைத் தூக்கக் குத்தவைத்து எழுந்தபோது இடது குதிகாலில் சுருக்கென்றது. புதுச் செருப்பு என்று நினைத்தேன். தைலம் தேய்த்தேன். ஏழு நாள் மாத்திரையும் முடிந்தது, சளி போய்விட்டது, வீசிங்கும் நின்றது. வலி மட்டும் போகவில்லை. மாத்திரை முடிந்து ஒரு வாரம் கழித்து வலது காலிலும் அதே இடத்தில், அதே மாதிரி. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்து அடி சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. யூரிக் ஆசிட் பார்த்தேன், சரியாக இருந்தது. வலிமாத்திரை போட்டேன். அது வயிற்றைத்தான் கெடுத்தது.

கண்டுபிடித்தது அக்கா மகள். கோயம்புத்தூரில் பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு வந்தவள், நான் திண்ணைப்படி இறங்குவதைப் பார்த்துவிட்டு, "மாமா, சமீபத்துல ஆன்டிபயாடிக் ஏதும் சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"லெவோ. அது போன மாசமே முடிஞ்சுபோச்சு."

"கூட ஸ்டீராய்டு?"

ஆமாம் என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் கீழே உட்கார்ந்து என் இரண்டு குதிகாலையும் பிடித்துப் பார்த்தாள். இடது நாணில் ஒரு இடம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. "நல்லவேளை, அறுந்துபோகலை" என்றாள்.

அன்று ராத்திரி கடைக்குப் போய், பெட்டிக்குள் சில கம்பெனிக்காரர்கள் மடித்து வைக்கும் காகிதத்தை எடுத்து விளக்கடியில் விரித்தேன். எறும்பு எழுத்து. மேஜையில் கொட்டிய சிரப்பைத் துடைக்க இருபது வருஷமாக நான் பயன்படுத்திய காகிதம் அது. நாண் அழற்சி, நாண் அறுதல் என்று மேலேயே, கட்டம் கட்டிப் போட்டிருந்தது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல் என்றும் போட்டிருந்தது. மாத்திரை தொடங்கிய சில மணி நேரத்திலும் வரலாம், நிறுத்திப் பல மாதம் கழித்தும் வரலாம். என் கதையை எனக்கு முன்பே யாரோ எழுதி என் அலமாரியில் வைத்திருந்த மாதிரி இருந்தது.

அந்தக் காகிதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த மருந்துக் குடும்பத்துக்கு நாண் அறுவது பற்றிக் கட்டம் போட்ட எச்சரிக்கை கேட்டது 2008 ஜூலையில். நான் நொண்டுவதற்குப் பத்து வருஷம் முன்பு. 2016-ல், சாதாரண சைனஸ், மூச்சுக்குழாய் அழற்சி, சிக்கலில்லாத சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு வேறு மருந்து இருக்கும்போது இதைக் கொடுக்காதீர்கள் என்றது. 2018 நவம்பரில் ஐரோப்பிய மருந்து முகமையும் அதே பாதைக்கு வந்தது. அடுத்த மாதம் நான் நெஞ்சுச் சளிக்கு அதைப் போட்டுக்கொண்டேன். பிரிட்டன் 2024 ஜனவரியில் இன்னும் இறுக்கி, வேறு எந்த ஆன்டிபயாடிக்கும் பொருந்தாதபோது மட்டுமே என்று சொல்லிவிட்டது.

பெயரைக் கேட்டால் பலருக்குத் தெரியாது. ஆனால் இந்த மாத்திரையைத் தொடாத வீடு குறைவு. ஃப்ளூரோகுயினோலோன் என்பது குடும்பப் பெயர். சிப்ரோஃப்ளாக்ஸசின், நார்ஃப்ளாக்ஸசின், ஆஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின், மாக்ஸிஃப்ளாக்ஸசின் எல்லாம் உறுப்பினர்கள். அட்டையின் பின்னால் சிறிய எழுத்தில் 'ஃப்ளாக்ஸசின்' என்று முடிந்தால் அது இந்தக் குடும்பம். இத்தனை பெயரில் ஒன்றுகூட இயற்கையில் பூஞ்சையிலிருந்து வந்ததில்லை. பென்சிலின் மாதிரிக் கதை இல்லை. மலேரியாவுக்கான குளோரோகுயின் தயாரிக்கும்போது ஓரத்தில் வந்த ஒரு உபபொருளைத் தொட்டுத்தான் எல்லாம் தொடங்கியது. அமெரிக்காவில் ஸ்டெர்லிங் விந்த்ராப் நிறுவனத்தில் ஜார்ஜ் லெஷர் குழுவினர் அதிலிருந்து நாலிடிக்ஸிக் அமிலத்தை உருவாக்கி 1962-ல் வெளியிட்டார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு மட்டும் உதவும் சாதுவான மருந்து. பிறகு ஜப்பானில் கியோரின் நிறுவனம் அதே வகை மூலக்கூறில் ஒரு ஃப்ளூரின் அணுவையும் பிப்பரசின் என்றொரு வளையத்தையும் ஒட்டவைத்து நார்ஃப்ளாக்ஸசினைச் செய்தது.  மருந்தின் வீரியம் பல மடங்கு கூடிவிட்டது. அடுத்து ஜெர்மனியின் பேயர் செய்த சிப்ரோஃப்ளாக்ஸசின் 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அது வேலை செய்யும் விதம் எனக்குப் பிடிக்கும். பாக்டீரியாவின் டிஎன்ஏ ஒரு நீளமான முறுக்குக் கயிறு. அதைப் பிரித்துப் படிக்கும்போது ஒரு பக்கம் முறுக்கேறிச் சிக்கிக்கொள்ளும். கிணற்றுக் கயிற்றைப் பிரித்தவர்களுக்குத் தெரியும். சிக்கெடுப்பதற்கென்று பாக்டீரியாவிடம் கைரேஸ் என்றொரு நொதி இருக்கிறது. அது கயிற்றை வெட்டும், இன்னொரு இழையை வெட்டின் வழியாக விடும், திரும்ப ஒட்டும். இந்த மருந்து வெட்டியதற்கும் ஒட்டுவதற்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வெட்டு வெட்டாகவே நிற்கும். கயிறு துண்டு துண்டாகிப் பாக்டீரியா சாகும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சிப்ரோவுக்கு இருந்த மரியாதையைச் சொன்னால் இன்றைய பையன்களுக்குப் புரியாது. டைபாய்டுக்கு அதுவரை கைகொடுத்த குளோராம்பெனிக்கால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்ஸசோல் மூன்றையும் தாண்டிப் பிழைக்கும் கிருமிகள் 90-களின் தொடக்கத்தில் இந்தியாவில் பரவிவிட்டன. அந்த நேரத்தில் வந்தது சிப்ரோ. மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்த பிள்ளை எழுந்து நடந்து வந்ததை என் முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடி காட்டுவார். அவருக்குச் சிப்ரோ மருந்து இல்லை, குலதெய்வம். எல்லாக் கம்பெனியும் போடத் தொடங்கியதும் விலை விழுந்தது. விலை விழுந்ததும் எல்லாவற்றுக்கும் போனது. காய்ச்சலுக்கு, சளிக்கு, பல் வலிக்கு. கைரேஸ் நொதியின் மரபணுவில் ஒன்றிரண்டு எழுத்து மாறினாலே இந்த மருந்து உட்காரும் இடம் கிருமிக்குள் இல்லாமல் போய்விடும். அது நடக்கப் பத்து வருஷம்கூட ஆகவில்லை. இன்று இங்கே டைபாய்டுக்குச் சிப்ரோவை நம்பி எழுதுகிற டாக்டர் அரிது. அசித்ரோமைசினும் செஃப்ட்ரியாக்ஸோனும்தான் அந்த வேலையைப் பார்க்கின்றன.

கடையில் நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். "அண்ணே, வயித்தால போகுது, நிக்கிறதுக்கு ரெண்டு மாத்திரை குடுங்க." வருஷக்கணக்காக இதற்கு நான் கொடுத்தது நார்ஃப்ளாக்ஸசினும் டினிடசோலும் சேர்ந்த மாத்திரை, பிற்பாடு ஆஃப்ளாக்ஸசினும் ஆர்னிடசோலும் சேர்ந்தது. ரெண்டே ரெண்டு, கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி. வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் மீதி அட்டையோடு போய்விடும், வாங்கியவர் கையில் வெறும் வெள்ளித்தாள். சாதாரண வயிற்றுப்போக்கில் பெரும்பாலானவை உப்புச் சர்க்கரைக் கரைசலோடு தானாகவே நின்றுவிடுபவை. நின்றது மாத்திரையால் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். அடுத்த முறை நேராக மாத்திரைக்கே வந்தார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச் 1 முதல் ஷெட்யூல் எச்1 என்று ஒரு பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. தொடங்கியபோது 46 மருந்துகள். சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது; டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை எல்லாம் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். லெவோவும் மாக்ஸியும் அந்தப் பட்டியலில் உண்டு. தெருவெல்லாம் ஓடுகிற சிப்ரோவும் ஆஃப்ளாக்ஸசினும் நார்ஃப்ளாக்ஸசினும் அந்த நோட்டுக்குள் வரவில்லை. அவற்றுக்கும் சீட்டு வேண்டும் என்பது பழைய விதி. அந்த விதி எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பது ஒரு முறையாவது மருந்துக் கடை வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். எச்1 நோட்டில்கூடச் சில கடைகளில் ஒரே டாக்டர் பெயர் பக்கம் பக்கமாக வரும். அவர் எப்போது தூங்குவார் என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது அந்த 'நரம்பு'க்கு வருகிறேன். என் கால் சரியாகிக்கொண்டிருந்த சமயம் ஒரு பாட்டி நினைவுக்கு வந்தார். இரண்டு தெரு தள்ளி இருந்தவர். எழுபது இருக்கும். ஒருநாள் வந்து, "ஏப்பா, குதிகால் நரம்பு இழுக்குது, நடக்க முடியல" என்றார். நரம்பு என்றதும் என் கை தானாகவே அலமாரியில் பி12 மாத்திரைக்குப் போனது. நரம்புக்குச் சத்து மாத்திரை, கூட ஒரு தைலம். அதற்கு இரண்டு வாரம் முன்பு சிறுநீர் எரிச்சலுக்கு அவர் மகன் சிப்ரோ வாங்கிப் போயிருந்தான். கட்டிக் கொடுத்ததும் நான்தான். பாட்டியின் வலி அதனால்தான் வந்தது என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. எழுபது வயதில் குதிகால் வலிக்க ஆயிரம் காரணம் உண்டு. ஆனால் கேட்கவே இல்லையே. கேட்டிருந்தால் குறைந்தது ஒரு டாக்டரிடம் அனுப்பியிருப்பேன்.

மாத்திரை முடிந்து, அட்டை குப்பைக்குப் போய், நோயும் சரியான பிறகு வருகிறது வலி. வந்தாலும் வேறு பெயரில் வருகிறது. ஜன்னி வந்தால், வாந்தி வந்தால், தடிப்பு வந்தால் மருந்தைச் சந்தேகப்படுவோம். குதிகால் இழுத்தால் யார் சந்தேகப்படுவார்கள்? செருப்பைச் சொல்வோம், வயதைச் சொல்வோம், வாயு என்போம். கொடுமை என்னவென்றால் இந்த மருந்து நாணைத் தொடுவது போலவே நிஜ நரம்பையும் தொடும். பாதத்தில் எரிச்சல், ஊசி குத்தல், மரத்துப்போதல். சிலருக்கு அது நிரந்தரமாகவே தங்கலாம் என்று எஃப்டிஏ 2013-ல் எச்சரிக்கையைக் கூட்டியது. அதுவும் இங்கே 'நரம்பு இழுக்குது'தான். சர்க்கரை உள்ளவராக இருந்தால் கேட்கவே வேண்டாம், பழி மொத்தமும் சர்க்கரைக்கு.

நாணுக்கு ஏன் ஆகாது என்பதற்கு ஆய்வகத்தில் சில விடைகள் கிடைத்திருக்கின்றன. நாண் என்பது பெரும்பாலும் கொலாஜன் நார். அதை நெய்கிற செல்களை இந்த மருந்து சுணங்க வைக்கிறது, நாரைத் தின்கிற நொதிகளைக் கூட்டிவிடுகிறது. மெக்னீசியம் போன்ற உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் குணம் இதற்கு உண்டு, அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். குதிகால் நாண் உடம்பின் பாரத்தைத் தாங்குவது. ரத்த ஓட்டமும் அங்கே குறைச்சல். அதனால் அடி முதலில் அங்கே விழுகிறது. தோளிலும் கையிலும்கூட வரலாம். எல்லோருக்கும் வருவதில்லை, அரிதுதான். என் கடையிலிருந்து போன மாத்திரைகளைப் போட்டவர்களில் ஆகப் பெரும்பாலோர் ஒன்றும் இல்லாமல்தான் இருக்கிறார்கள்.

அதே உலோகம் பிடிக்கிற குணத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. நம் வீடுகளில் ஆன்டிபயாடிக் என்றால் 'சூடு' என்று ஒரு பயம். மோர் குடி, தயிர்சாதம் சாப்பிடு, பாலில் போடு என்பார்கள். பாலிலும் தயிரிலும் இருக்கும் கால்சியம் சிப்ரோவையும் நார்ஃப்ளாக்ஸசினையும் குடலுக்குள்ளேயே பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். ரத்தத்துக்குப் போக வேண்டியதில் ஒரு நல்ல பங்கு கழிவறைக்குப் போகும். வயிறு எரிகிறது என்று குடிக்கும் ரோஸ் நிற ஜெல், கர்ப்பத்துக்குப் பிறகும் நிறுத்தாமல் சாப்பிடும் இரும்பு மாத்திரை, மூட்டுக்குச் சாப்பிடும் கால்சியம் எல்லாம் இதே வேலையைச் செய்யும். லெவோவுக்கும் ஜெல்லும் இரும்பும் ஆகாது. சிப்ரோ என்றால் அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் கழித்தோ போட வேண்டும். பாதி மருந்து மட்டும் ரத்தத்தில் ஏறினால் நோயும் போகாது. மீதி இருக்கும் கிருமிக்கு அது பயிற்சிக் களம். இதை நான் சொல்லிக் கொடுத்தது எத்தனை பேருக்கு என்று யோசித்தால் விரல்விட்டு எண்ணலாம்.

சர்க்கரை விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் குடும்ப மருந்து சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். வயதானவர்கள் என்றால் கோமா வரை போகலாம். 2018 ஜூலையில் எஃப்டிஏ இதையும் அழுத்திச் சொன்னது. குடும்பத்திலேயே இதில் மோசமானது கேட்டிஃப்ளாக்ஸசின்; ஏற்றியும் விடும், இறக்கியும் விடும். இந்தியாவில் 2011 மார்ச்சில் அதன் மாத்திரையையும் ஊசியையும் தடைசெய்தார்கள், கண் சொட்டு மருந்து மட்டும் தப்பியது. காய்ச்சலில் கிடக்கும் பெரியவர் ஒழுங்காகச் சாப்பிடவும் மாட்டார், சர்க்கரை மாத்திரையை விடவும் மாட்டார், கூட இதுவும் சேரும். விடிகாலையில் வேர்த்து விறுவிறுத்துக் கிடப்பார். 'காய்ச்சல் விட்டுருச்சு, அதான் வேர்க்குது' என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தூக்கமின்மை, பதற்றம், குழப்பம். வலிப்பு உள்ளவர்களுக்கு வலிப்பு. மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. இதயத் துடிப்பின் தாளம் மாறலாம். மகாதமனியில் ஏற்கெனவே வீக்கம் இருப்பவர்களுக்கு அது கிழியும் ஆபத்து, இது 2018 டிசம்பரில் வந்த எச்சரிக்கை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு ரத்தம் அதிகமாக நீர்த்துப்போகலாம். வெயிலில் தோல் கருகுவது போலச் சிவக்கலாம். குட்டி விலங்குகளின் மூட்டுக் குருத்தெலும்பைக் கெடுத்ததைப் பார்த்ததால், பிள்ளைகளுக்கு வேறு வழி இல்லாதபோதுதான் தருவார்கள்.

இவ்வளவு சொன்னதும் இதைத் தடைசெய்ய வேண்டியதுதானே என்று என் தம்பி கேட்டான். அங்கேதான் நான் அவனோடு ஒத்துப்போகவில்லை. காசநோய் மாத்திரைகள் கேட்காமல் போனவர்களுக்கு லெவோவும் மாக்ஸியும் உயிர். முன்பு இருபது மாதம் வரை இழுத்த சிகிச்சை, பெடாக்குயிலின், பிரெட்டோமனிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற நான்கின் கூட்டில் ஆறு மாதத்தில் முடிகிறது. 2024 செப்டம்பரில் இந்திய அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. இந்தக் காரணத்துக்காகவே எனக்கு லெவோவை இருமலுக்கு வாரி இறைப்பதில் கோபம். காசநோய் என்று தெரியாமல் பத்து நாள் லெவோ போட்டால் இருமல் தற்காலிகமாக அடங்கும். சளிப் பரிசோதனை தள்ளிப்போகும். உள்ளே இருக்கும் கிருமி மருந்தைப் பழகிக்கொள்ளும். கடைசி ஆயுதத்தை முதல் நாளே காட்டிவிட்ட கதை.

சூடோமோனாஸ் என்ற முரட்டுக் கிருமியை ஊசியில்லாமல் மாத்திரையால் அடிக்க இந்தக் குடும்பத்தை விட்டால் ஆள் இல்லை. சிறுநீரகம் வரை ஏறிய தொற்றுக்கு, எலும்புத் தொற்றுக்கு, பிளேக்குக்கு, ஆந்த்ராக்ஸுக்கு இது வேண்டும். 2001-ல் அமெரிக்காவில் கடித உறைகளில் ஆந்த்ராக்ஸ் தூள் வந்தபோது தபால் ஊழியர்களுக்கு அறுபது நாள் கொடுத்த மருந்துகளில் சிப்ரோ முக்கியமானது. எங்கள் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் கண்புரை அறுவை முடிந்ததும் கண்ணுக்குள்ளேயே துளி மாக்ஸிஃப்ளாக்ஸசின் செலுத்தும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகளின் கணக்கை 2017-ல் வெளியிட்டார்கள். கண்ணுக்குள் சீழ் பிடிப்பது 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாக இறங்கியிருந்தது. என் அம்மாவுக்கு இரண்டு கண்ணும் அங்கே செய்ததுதான். ஊசியில் நூல் கோக்கிறார்.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹைதராபாத் அருகே பட்டன்சேருவில் மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியே விடும் தண்ணீரைச் சுவீடன் ஆய்வாளர்கள் சோதித்து 2007-ல் எழுதினார்கள். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோ. 500 மில்லிகிராம் மாத்திரை விழுங்கிய ஆளின் ரத்தத்தில் உச்சத்தில் இருப்பதே லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லிகிராம்தான். வெளியே விட்ட தண்ணீரில் இருந்தது நோயாளி ரத்தத்தில் இருப்பதைவிடப் பத்து மடங்கு. சீட்டும் இல்லை, நோட்டும் இல்லை.

என் கால் சரியானதில் மருந்துக்கு வேலை இல்லை. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் தட்டிக்கழிக்கவில்லை, என் மருத்துவக் குறிப்பு அட்டையில் சிவப்பு மையால் 'ஃப்ளூரோகுயினோலோன் கூடாது' என்று பெரிதாக எழுதினார். ஆறு வாரம் படி ஏறாமல், பாரம் தூக்காமல் ஓய்வு. அப்புறம் அக்கா மகள் வீடியோ காலில் சொல்லச் சொல்லத் திண்ணைப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, குதிகாலை மெள்ள மெள்ளக் கீழே இறக்கும் பயிற்சி. பதினைந்து முறை, மூன்று சுற்று. எதிர்வீட்டுக்காரர் நான் தற்கொலைக்கு முயல்கிறேனோ என்று எட்டிப் பார்த்தார், அரையடிப் படிதான். மே மாதம் ஷட்டரை நானே தூக்கினேன்.

பக்கவிளைவைச் சொல்ல ஒரு இடம் இருக்கிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். 1800-180-3024, கட்டணமில்லா எண். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துடையது. நோயாளியே பேசலாம். பேசினேன். வயது, மருந்தின் பெயர், எத்தனை நாள், கூட என்ன சாப்பிட்டேன் என்று நிதானமாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அட்டையில் இருந்த பேட்ச் எண்ணைக் கேட்டபோதுதான் விழித்தேன். என் கடை அட்டை, நானே வெட்டியது.

இப்போது வெட்டுவதை முடிந்தவரை நிறுத்திவிட்டேன். வெட்டினாலும் பெயர் உள்ள பக்கத்தை வாங்குபவருக்குக் கொடுத்துவிட்டு மீதியை நான் வைத்துக்கொள்கிறேன். வயிற்றால் போகிறது என்று வருபவருக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம்தான். ரத்தம் போகிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பேன். ஆமாம் என்றால் டாக்டரிடம் அனுப்புவேன். பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போகிறார்கள், அங்கே ரெண்டு மாத்திரை கிடைக்கிறது. சீட்டோடு வருபவரிடம் பயமுறுத்துவதில்லை. பாதியில் நிறுத்தவும் சொல்வதில்லை. குதிகாலோ தோளோ இழுத்தால், கால் மரத்தால் அன்றைக்கே எழுதிக் கொடுத்த டாக்டரைக் கூப்பிடுங்கள், அவர் மாற்றித் தருவார் என்று மட்டும் சொல்வேன்.

போன மாதம் ஒரு அக்கா சீட்டு கொண்டுவந்தார். சிறுநீர்த் தொற்றுக்குச் சிப்ரோ. பையில் இன்னொரு சீட்டும் இருந்தது. கழுத்துப் பிடிப்புக்கு வேறொரு டாக்டர் எழுதிய டைசானிடின். இரண்டும் சேரவே கூடாது. டைசானிடினை உடைக்கும் கல்லீரல் நொதியைச் சிப்ரோ கட்டிப்போட்டுவிடும், ரத்தத்தில் அது பத்து மடங்குவரை ஏறி, ரத்த அழுத்தம் விழுந்து ஆளே மயங்கி விழலாம். டாக்டருக்குப் போன் போட்டேன். ஒரு நொடி அமைதி. "கழுத்து மாத்திரையை அவங்க சொல்லலையேப்பா" என்றார். அப்புறம், "சரி, சிப்ரோவை எடுத்துரு, நைட்ரோஃபுரன்டோயின் கொடு, நான் சீட்டு மாத்தி அனுப்பறேன்."

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். "ஏன் தம்பி, முதல்ல எழுதுன மாத்திரை நல்லா இல்லையா?"

"நல்ல மாத்திரைதான்க்கா. இதோட சேராது."

"அப்படியா" என்று இரண்டு சீட்டையும் வாங்கி மடித்து, பால் பாக்கெட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.